ஒரு கடிதத்தில் ‘ஹேட்’டை (had) அடிக்கிறார், அடுத்ததில் சேர்க்கிறார்: பாஸ்ட் பெர்ஃபெக்ட்டுக்கு என்னதான் கணக்கு?

வீரவநல்லூர்க்காரி:

வணக்கம். வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். காப்பீட்டுக் கம்பெனிக்கும் டி.பி.ஏ.வுக்கும் (கம்பெனிக்காக க்ளெய்ம்களைப் பார்க்கிற இடைநிலை நிறுவனம்) போகிற விளக்கக் கடிதங்களை நான்தான் டைப் அடிக்கிறேன். பெரிய டாக்டர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அவர் பேனா மூடியைத் திறந்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

போன வாரம் ஒரு கடிதத்தை ‘தி பேஷன்ட் ஹேட் கம் டு அவர் ஹாஸ்பிட்டல் ஆன் மண்டே’ என்று ஆரம்பித்தேன். ‘ஹேட் கம்’மை அடித்துவிட்டு ‘கேம்’ என்று எழுதிக் கொடுத்தார். சரி, இவருக்கு ஹேட் பிடிக்காது போல என்று அடுத்த கடிதத்தில் ‘வென் தி ஆம்புலன்ஸ் ரீச்ட் அஸ், ஹிஸ் பல்ஸ் ஸ்டாப்ட்’ என்று எழுதினால், அங்கே அவரே ‘ஸ்டாப்ட்’டுக்கு முன்னால் ஒரு ஹேட்டைச் செருகி, அடியில் இரண்டு கோடும் போட்டிருக்கிறார். விளக்கம் சொல்ல அவருக்கு நேரம் இல்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டுமே நடந்து முடிந்த விஷயம்தானே? ‘ரொம்ப நாளைக்கு முன்னால் நடந்து முடிந்தால் பாஸ்ட் பெர்ஃபெக்ட்’ என்றுதான் பள்ளிக்கூடத்தில் போர்டில் எழுதிப் போட்டார்கள். தமிழிலும் ‘திங்கட்கிழமை வந்திருந்தார்’ என்றுதான் சொல்கிறோம். அது ‘ஹேட் கம்’ ஆகாதா?

தயவுசெய்து, டாக்டர் வருவதற்குள் நோயாளி இறந்துபோகிற அந்தப் பழைய உதாரணம் மட்டும் வேண்டாம். எங்கள் ஆபீசில் அதைச் சத்தமாகப் படிக்கக்கூட முடியாது.

சுரண்டை பஸ்:

ரொம்ப யோசிக்காதீங்க அக்கா. இரண்டு செயல் இருந்தால் முதலில் நடந்ததற்கு ஹேட் போட்டு வி த்ரீ (வினையின் மூன்றாம் வடிவம்), பின்னால் நடந்ததற்கு சிம்பிள் பாஸ்ட் (ஹேட் இல்லாத வெறும் ‘கேம்’ மாதிரி). அவ்வளவுதான். எஸ்.எஸ்.சி. கோச்சிங்கில் இதை வைத்துத்தான் எல்லாக் கேள்வியையும் போடுகிறோம்.

வீரவநல்லூர்க்காரி:

நன்றி தம்பி. ஆனால் எங்கள் கடிதத்தில் நோயாளி வந்தார், ஸ்கேன் எடுத்தோம், அட்மிட் பண்ணினோம் என்று மூன்று செயல் வரிசையாக வருகிறது. உங்கள் கணக்குப்படி முதல் இரண்டுக்கும் ஹேட் போட வேண்டும். டாக்டர் அதைத்தானே அடித்தார்?

பாளை குமாஸ்தா:

நல்ல கேள்வி தங்கச்சி. உங்கள் டாக்டர் இரண்டு இடத்திலும் சரியாகத்தான் செய்திருக்கிறார். சுரண்டைத் தம்பி சொன்னது பரீட்சைக்குப் போதும், கடிதத்துக்குப் போதாது.

நான் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. ஆங்கிலத்தில் பட்டம் எதுவும் கிடையாது. மேல்முறையீட்டுக்குப் போகிற வழக்குக் கட்டுக்குள் இருக்கும் தமிழ்க் காகிதங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து, டைப் அடித்த செட்டாகப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. 2004-ல் ஐகோர்ட்டுக்கு மதுரைக் கிளை வந்தது; அதற்கு முன்னால் எல்லாக் கட்டும் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போகும். உயில், கிரயப் பத்திரம், சாட்சியம் என்று எதை எடுத்தாலும் எது முந்தி, எது பிந்தி என்பதில்தான் வழக்கே இருக்கும். அதனால் இந்த ஹேட்டோடு எனக்குத் தினமும் மல்லுக்கட்டுதான்.

முதலில் உங்கள் மூன்று செயலை எடுத்துக்கொள்வோம். வந்தார், ஸ்கேன் எடுத்தோம், அட்மிட் பண்ணினோம். நடந்த வரிசையிலேயே சொல்கிறீர்கள். வரிசையே எது முந்தி என்று காட்டிவிடுகிறது. அங்கே ஹேட்டுக்கு வேலை இல்லை. ‘கேம்’, ‘டுக்’, ‘அட்மிட்டட்’ என்று போய்க்கொண்டே இருக்கலாம். முப்பது செயல் இருந்தாலும் அப்படித்தான்.

ஹேட் எப்போது வேண்டும்? கதையில் ஓர் இடத்துக்கு வந்து நின்றபிறகு, அதற்கும் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லத் திரும்பிப் பார்க்கிறீர்கள் அல்லவா, அப்போதுதான். ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நிற்கிறது. நீங்கள் நிற்பது அந்த நிமிஷத்தில். நாடி நின்றது அதற்கு முன்னால். ‘ஹேட் ஸ்டாப்ட்’.

அப்புறம் அந்த ‘ரொம்ப நாளைக்கு முன்னால்’ என்ற பாடம். அதை யார் போர்டில் எழுதினாலும் துடைத்துவிடுங்கள். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கில் போட்டது 1799 அக்டோபர் 16. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் ‘ஹி வாஸ் ஹேங்டு’ தான், ‘ஹேட் பீன் ஹேங்டு’ கிடையாது. அந்த அக்டோபரில் நின்றுகொண்டு, அதற்குள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வெள்ளைக்காரன் கும்பினி கையில் போயிருந்தது என்று சொன்னால், அந்தக் கோட்டைக்கு மட்டும் ஹேட். இன்னொரு பக்கம், இன்று காலையில் நான் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேரும்போது பாபநாசம் பஸ் கிளம்பியிருந்தது. ‘தி பஸ் ஹேட் லெஃப்ட்’. நடந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. பழசா புதுசா என்பது இதில் கணக்கே இல்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு எங்கள் பக்கத்துச் சரக்கு ஒன்று சொல்கிறேன். ஓர் உயில் வழக்கு. சேரன்மகாதேவிப் பக்கம் நஞ்சை. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, 63-ஆவது பிரிவு என்ன சொல்கிறதென்றால், உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சி வேண்டும். ஒவ்வொரு சாட்சியும் உயில் எழுதியவர் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது ‘இது என் கையெழுத்துதான்’ என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ளக் கேட்டிருக்க வேண்டும். இந்த வழக்கில் இரண்டாம் சாட்சி கூண்டில் ஏறிச் சொன்னது: ‘நான் உள்ளே போகும்போது பெரியவர் கையெழுத்துப் போட்டுட்டு பேனாவை மூடிக்கிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் காகிதத்தைத் திருப்பி, இது நான் போட்டதுதான்னு காட்டினார்.’

எங்கள் ஆபீசில் டைப் அடித்த பையன் இதை ‘வென் ஐ வென்ட் இன், ஹி சைன்ட் தி வில்’ என்று அடித்து வைத்திருந்தான். படித்தால் என்ன அர்த்தம்? சாட்சி உள்ளே போனார், அவர் பார்க்கப் பெரியவர் கையெழுத்துப் போட்டார். தமிழில் சாட்சி அப்படிச் சொல்லவே இல்லை. அந்தச் செட் மதுரைக்குப் போயிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் தமிழ் மூலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ‘பார்க்காததைப் பார்த்ததாக மாற்றிவிட்டார்கள்’ என்று எழுந்து நின்றிருப்பார். ‘ஹி ஹேட் சைன்ட்’ என்று திருத்தினோம். திருத்தினால் சாட்சி கையெழுத்தைப் பார்க்கவில்லை என்றுதான் ஆகிறது. ஆனால் பரவாயில்லை, அடுத்த வரியில் பெரியவர் தன் வாயால் ஒப்புக்கொண்டது இருக்கிறதே, சட்டத்துக்கு அது போதும். உள்ளதை உள்ளபடி பெயர்த்தால் உயில் நிற்கிறது. ஹேட்டை விட்டால் நல்ல சாட்சியே பொய்ச் சாட்சி மாதிரி ஆகிவிடுகிறார்.

உங்கள் ‘பல்ஸ்’ வரிக்கு டாக்டர் இரண்டு கோடு போட்டதும் இதனால்தான். ‘வென் தி ஆம்புலன்ஸ் ரீச்ட் அஸ், ஹிஸ் பல்ஸ் ஸ்டாப்ட்’ என்றால் உங்கள் வாசலுக்கு வந்தபிறகு நாடி நின்றது என்று ஆகிறது. ‘அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்’ என்று அடுத்த கேள்வி வரும். ‘ஹேட் ஸ்டாப்ட்’ என்றால் வரும்போதே நின்றிருந்தது. நான் டாக்டராக இருந்தால் மூன்று கோடு போட்டிருப்பேன்.

இப்போது ‘வந்திருந்தார்’. இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் ஹேட்டை வாரி இறைப்பது. ‘நேற்று உங்க அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார்’ என்கிறோம். வந்தார், இருந்தார், போனார், இப்போது அதைப் பற்றி ஏதோ பேசப் போகிறோம் என்பதுதான் அதற்குள் இருப்பது. வேறு எந்தச் சம்பவத்துக்கும் முன்னால் வந்தார் என்று யாரும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் அதற்கு வெறும் ‘கேம்’ போதும். ஆனால் ‘நான் போகும்போது அவர் வந்திருந்தார்’ என்றால் அதே ‘வந்திருந்தார்’ ஹேட் கேட்கும். ஆகவே ‘இருந்தார்’ என்ற வாலைப் பார்த்து ஹேட் போடக்கூடாது.

நான் வைத்திருக்கிற சோதனை இது. வாக்கியத்தில் ‘ஏற்கெனவே’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். ‘ஆம்புலன்ஸ் வந்தபோது நாடி ஏற்கெனவே நின்றிருந்தது.’ உட்காருகிறது. ‘நோயாளி திங்கட்கிழமை ஏற்கெனவே வந்திருந்தார்.’ எதற்கு முன்னால் என்று உடனே கேட்கத் தோன்றுகிறது. அதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லையென்றால் ஹேட்டை அடித்துவிடுங்கள்.

வீரவநல்லூர்க்காரி:

அண்ணாச்சி, காலையில் டீ ஆறிப்போனது தெரியாமல் படித்தேன். அந்த உயில் வரி மண்டையில் ஏறிவிட்டது. ஒரு சந்தேகம். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இருந்தால் ஹேட் கட்டாயமா? அப்புறம், நோயாளியின் சொந்தக்காரர்கள் சொல்வதை எழுதும்போது என்ன செய்வது? எங்கள் கடிதத்தில் பாதி அதுதான்.

பாளை குமாஸ்தா:

கட்டாயம் இல்லை. ‘பிஃபோர்’ என்ற சொல்லே எது முந்தி என்று சொல்லிவிடுகிறதே. நீங்கள் வேண்டாம் என்ற அந்த நோயாளி, ஹேட் இல்லாமலே ‘டைட் பிஃபோர் தி டாக்டர் கேம்’ என்று தாராளமாகச் சாகலாம். ஹேட் போட்டாலும் தப்பில்லை. எத்தனையோ புத்தகத்தில் அந்த மனுஷனைப் போட்டு ஹேட்டோடு கொன்றார்கள், அதற்குத் தேவையே இல்லாத ஒரு வாக்கியத்தில். ‘வென்’ வரும்போதுதான் உண்மையில் உயிர் போகும். ‘வென்’னுக்குத் தானாக முந்தி பிந்தி சொல்லத் தெரியாது, ஹேட்தான் சொல்ல வேண்டும்.

சொந்தக்காரர்கள் சொன்னது என்றால் ஹேட் கட்டாயம் கைகொடுக்கும். மகன் உங்களிடம் சொன்னது திங்கட்கிழமை. அப்பா விழுந்தது ஞாயிறு ராத்திரி. ‘ஹிஸ் சன் டோல்ட் அஸ் தட் ஹி ஹேட் ஃபாலன்.’ சொன்ன நேரத்தில் நின்று, விழுந்த நேரத்தைத் திரும்பிப் பார்க்கிறீர்கள். சாட்சியம் பெயர்க்கும்போது எங்களுக்கும் முக்கால்வாசி ஹேட் இப்படித்தான் வரும்.

இன்னொன்று. மகன் நீளமாகக் கதை சொன்னால் ஒவ்வொரு வினைக்கும் ஹேட் போட்டு அடுக்காதீர்கள். முதல் ஒன்றிரண்டுக்குப் போட்டுப் பின்னால் போய்விட்டோம் என்று காட்டினால் போதும். மிச்சத்தை சிம்பிள் பாஸ்டில் சொல்லலாம், படிப்பவருக்குப் புரியும். மறுபடி திங்கட்கிழமைக்கு வரும்போது மட்டும் ‘ஆன் மண்டே’ என்று ஓர் அடையாளம் வையுங்கள்.

தென்காசி க்ளெய்ம்:

நான் மேஜையின் அந்தப் பக்கம். டி.பி.ஏ.வில் இந்தக் கடிதங்களைப் படிக்கிறவன். குமாஸ்தா அண்ணாச்சி சொன்னது எங்களுக்கும் பொருந்தும், பணத்தோடு பொருந்தும்.

‘தி பேஷன்ட் ஹேட் பீன் டேக்கிங் டேப்லட்ஸ் ஃபார் டயாபடீஸ் வென் ஹி டுக் தி பாலிசி’ என்று ஒரு வரி வந்தால் நாங்கள் அங்கேயே நிற்போம். பாலிசி எடுத்த நாளில் நின்று பார்த்தால் சர்க்கரை அதற்கு முன்பே இருந்திருக்கிறது, மாத்திரையும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக முன்பே இருந்த நோய். பாலிசியில் அதற்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அது முடியும்வரை அந்த நோய்க்குப் பணம் கிடைக்காது. 2024-ல் வந்த விதிப்படி அதிகபட்சம் 36 மாதம். மாத்திரை பாலிசிக்குப் பிறகுதான் ஆரம்பித்தது என்றால், தேதியைப் போட்டு ‘ஸ்டார்ட்டட்’ என்று எழுதுங்கள். இருக்கிறதை மறைக்கச் சொல்லவில்லை அக்கா. இல்லாததை ஒரு ஹேட் போட்டு நீங்களாக உண்டாக்கிக் கொடுக்காதீர்கள் என்கிறேன். நோயாளிக்குத்தான் நஷ்டம்.

‘ஹேட் ஹேட்’ என்று இரண்டு தடவை வந்தால் டைப்பிங் தப்பு என்று சிலர் ஒன்றை அழித்துவிடுகிறார்கள். ‘ஹி ஹேட் ஹேட் ஆஸ்துமா சின்ஸ் சைல்ட்ஹுட்’ சரியான ஆங்கிலம்தான். முதல் ஹேட் துணை வினை, இரண்டாவது ‘ஹேவ்’ என்பதன் வி த்ரீ.

பேட்டை டீச்சர்:

குமாஸ்தா ஐயா ‘நிற்கிற இடம்’ என்று சொன்னாரே, அதை ஹான்ஸ் ரைஷன்பாக் என்ற ஜெர்மன் தத்துவ அறிஞர் 1947-ல் முறையாகவே எழுதிவைத்தார். ஒவ்வொரு டென்ஸுக்கும் மூன்று புள்ளி: சம்பவம் நடந்த நேரம், நாம் நின்று பார்க்கிற நேரம், பேசுகிற நேரம். ‘கேம்’ என்னும்போது நடந்ததும் பார்ப்பதும் ஒரே புள்ளி. ‘ஹேஸ் கம்’ என்னும்போது பார்ப்பதும் பேசுவதும் ஒரே புள்ளி. இந்த மூன்றில் ‘ஹேட் கம்’ ஒன்றில்தான் மூன்று புள்ளியும் தனித்தனி. என் வகுப்பில் ஒரு கோடு கிழித்து மூன்று புள்ளி வைக்கச் சொல்வேன். நடுப் புள்ளிக்குப் பெயர் எழுத முடியாத பிள்ளை ஹேட்டை அழித்துவிட வேண்டும், அதுதான் சட்டம்.

சுரண்டைத் தம்பிக்காகப் பரீட்சை விஷயம் இரண்டு. ‘ஹார்ட்லி’யில் ஆரம்பித்தால் ஹேட் எழுவாய்க்கு முன்னால் தாவும், ஜோடி ‘வென்’: ‘ஹார்ட்லி ஹேட் தி டிரெயின் லெஃப்ட் கல்லிடைக்குறிச்சி வென் இட் ரெய்ன்ட்.’ ‘நோ சூனர்’ என்றால் ஜோடி ‘வென்’ இல்லை. ‘சூனர்’ ஒப்பிடும் சொல் ஆகையால் ‘பெட்டர்’, ‘பிக்கர்’ பின்னால் வருகிற அதே ‘தேன்’ (than) தான் வரும். இதில் ஒரு மார்க் வருஷா வருஷம் போகிறது.

‘இஃப்’ பின்னால் வருகிற ஹேட் வேறு சாதி. ‘இஃப் தே ஹேட் ப்ராட் ஹிம் அர்லியர்’ என்றால் அவர்கள் சீக்கிரம் கொண்டுவரவில்லை என்று அர்த்தம். மருத்துவமனைக் கடிதத்தில் அந்த வாக்கியத்தை எழுதும் முன் இரண்டு தடவை யோசியுங்கள் அம்மா, அது குற்றச்சாட்டாகிவிடும்.

வீரவநல்லூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. இன்று ஒரு கடிதம் டைப் அடித்திருக்கிறேன், டாக்டரிடம் போகும் முன் நீங்கள் பாருங்கள்.

‘தி பேஷன்ட் கேம் டு அஸ் ஆன் மண்டே மார்னிங். ஹிஸ் சன் டோல்ட் அஸ் தட் ஹி ஹேட் ஃபாலன் இன் தி பாத்ரூம் ஆன் சண்டே நைட் அண்ட் ஹேட் வாமிட்டட் ட்வைஸ். வீ ஹேட் டேக்கன் எ ஸ்கேன். வீ ஹேட் டு ஷிஃப்ட் ஹிம் டு தி ஐ.சி.யூ.’

கடைசி வரியில் இருக்கிற ஹேட்டும் பாஸ்ட் பெர்ஃபெக்ட்டா அண்ணாச்சி? அடித்துவிடவா?

பாளை குமாஸ்தா:

அதைத் தொடாதீர்கள். ‘ஹேட் டு ஷிஃப்ட்’ என்றால் மாற்ற வேண்டியதாயிற்று. பின்னால் ‘டு’ வந்து சாதா வினை வந்தால் அது கட்டாயத்தைச் சொல்கிற ஹேட், நம் விவகாரத்தில் சேராது. மகன் சொன்ன இரண்டும் சரி. அடிக்க வேண்டியது ஸ்கேன் வரி ஒன்றுதான். வந்தார், மகன் சொன்னார், ஸ்கேன் எடுத்தீர்கள், வரிசையில்தான் போகிறது. ‘வீ டுக் எ ஸ்கேன்.’ ஸ்கேனில் என்ன தெரிந்தது என்று ஒரு வரி சேருங்கள், இல்லையென்றால் தென்காசித் தம்பி கேள்வி போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்.